காஸ் அடிக்க முதல்

(நல்லூரில் வாசிகசாலை ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆறுமுக நாவலர் பிறந்த ஊரில் மேடையேறி நிற்கிறேன். 1847ஆம் ஆண்டின் கடைசி நாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் தமது முதற் பிரசங்கத்தைச் செய்தார். அதன் பிறகு இந்தப் பகுதியில் எத்தனையோ உயர்ந்த பொருள்களில் எத்தனையோ பேர் பேசிவிட்டார்கள். எனக்குத் தந்திருப்பதோ கார் ஏசியில் வருகிற சத்தம். துண்டுப்பிரசுரத்தைப் பார்த்த ஒரு பெரியவர், "இதுக்கும் ஒரு கூட்டமோ?" என்று கேட்டாராம். அவர் முன்வரிசையில்தான் இருக்கிறார். அவருடைய கார் படலைக்குள் திரும்பியபோது போட்ட கீச்சு மண்டபம் முழுக்கக் கேட்டது. ஆகவே தலைப்புக்கு நான் வேறு நியாயம் சொல்ல வேண்டியதில்லை.

இருந்தாலும் ஒரு காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச்சில் நாட்டுக்குள் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் எங்கள் முற்றங்களில் நின்ற கார்களுக்கு ஐந்து வயது கூடியது. வழி திறந்த பிறகும் வரியோடு சேர்ந்த விலையைக் கேட்டவர்கள், இருக்கிற காரையே துடைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்கள். பத்து, பன்னிரண்டு வயதுக் கார் சத்தம் போடத்தான் செய்யும். கேள்வி, அந்தச் சத்தத்துக்கு நாங்கள் என்ன செய்கிறோம் என்பதுதான்.

என்ன செய்கிறோம்? கராஜில் நின்று பாருங்கள். ஐயா ஒருவர் காரை நிறுத்துகிறார். "தம்பி, ஏசி கத்துது. ஒருக்கா காஸ் அடிச்சு விடு." தம்பியும் அடித்து விடுகிறார். பணம் கைமாறுகிறது. இரண்டு கிழமை குளிர்கிறது. பிறகு பழைய சத்தம், கூடவே புதுச் சத்தம் ஒன்று. யாழ்ப்பாணத்தில் ஏசிக்குச் செய்யப்படும் மருத்துவத்தில் முக்கால்வாசி இதுதான் என்பது என் கணிப்பு. இதை மாற்றத்தான் இங்கே நிற்கிறேன். சத்தம் கேட்டால் முதலில் கேட்க வேண்டியது காஸ் அல்ல, ஒரு கேள்வி: "எப்ப கத்துது?"

காஸ் பற்றிய ஒரு தவறான எண்ணத்தை முதலில் கழற்றி வைப்போம். பெற்றோல் எரிந்து தீர்வதுபோல ஏசியில் காஸ் தீர்வதில்லை. அது மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. பொனட்டுக்குள் இருக்கிற கொம்பிரசர் அதை அமுக்குகிறது. அமுங்கிச் சூடான காஸ், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிற கொண்டென்சரில் சூட்டை வெளியே விட்டுத் திரவமாகிறது. பிறகு விரிவு வால்வின் சிறு துளையால் பீறிட்டு, டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற ஆவியாக்கியில் கொதிக்கிறது. கொதிக்கிறது என்றால் சூடாகிறது என்று எண்ண வேண்டாம். இன்று எங்கள் கார்களில் பெரும்பாலும் இருக்கிற ஆர் 134ஏ, சாதாரண காற்றழுத்தத்தில் சைபருக்குக் கீழே 26 பாகை செல்சியசில் கொதிக்கும் பொருள். கொதிப்பதற்கு வேண்டிய சூட்டை அது காருக்குள் இருக்கிற காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. எங்களுக்குக் குளிர்கிறது. அவ்வளவுதான் ஏசி.

சிறிய காருக்கு இந்தக் காஸ் அரைக் கிலோவுக்கும் குறைவாகவே போகும். சரியான அளவு பொனட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கிற சிறு ஸ்டிக்கரில் கிராம் கணக்கில் இருக்கிறது. அது குறைந்துவிட்டது என்றால் எங்கோ ஒழுகுகிறது. ஒழுக்கை அடைக்காமல் காஸ் அடிப்பது ஓட்டைக் குடத்துக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை. ஒழுகாத குடத்துக்கு மேலும் ஊற்றுவது அதைவிடக் கெட்டது. அளவு மிஞ்சினால், அமுக்கிய காஸ் போகிற உயர்பக்கத்தில் அழுத்தம் ஏறும். கொம்பிரசருக்குள் திரவம் போய்ச் சேரும். திரவத்தை அமுக்க முடியாது, கடகடவென்று அடித்துக்கொள்ளும். முதலில் பெல்ட் கீச்சுடன் வந்த கார் இப்போது தட்டுச் சத்தத்தோடு திரும்பி வருவது இப்படித்தான்.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். நல்ல மெக்கானிக் ஸ்பானரைத் தொட முதல் வாயைத் திறப்பார். "எப்ப ஐயா கத்துது? ஏசி போட்டாப் பிறகோ, போடாட்டியும் கத்துதோ?" இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

ஏசி போடாவிட்டாலும், எஞ்சின் ஓடும்போதெல்லாம் உறுமல் வருகிறது என்றால் குற்றம் கொம்பிரசரின் உள்ளே இல்லை. கொம்பிரசரின் முன்னால் இருக்கிற புல்லி எஞ்சினோடு எந்நேரமும் சுற்றுகிறது. ஏசியைப் போடும்போதுதான் கிளச் பிடித்து உள்ளச்சையும் சேர்த்துச் சுழற்றுகிறது. ஆகவே ஓயாத உறுமல் புல்லியின் பெயரிங்கிலிருந்து வரலாம்; பெல்ட்டைத் தாங்குகிற வேறு உருளைகளிலிருந்தும் வரலாம். பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றையும் கையால் சுழற்றிப் பார்த்தால் எது கரகரக்கிறது என்று விரலுக்கே தெரியும். இங்கேதான் பணம் இருக்கிறது. பெயரிங் ஒன்றை மாற்றுகிற செலவும் கொம்பிரசர் முழுவதையும் மாற்றுகிற செலவும் மலையும் மடுவும். "கொம்பிரசர் போச்சு ஐயா" என்று யாராவது சொன்னால், "பெல்ட்டைக் கழற்றிப் பார்த்தனீரோ?" என்று மரியாதையாகக் கேளுங்கள். பதில் தடுமாறினால் அடுத்த கராஜுக்குப் போங்கள்.

ஏசியைப் போட்டதும் ஒரு 'டக்'. அது கிளச் பிடிக்கிற சத்தம். அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் அந்த 'டக்' சில விநாடிக்கு ஒருமுறை வந்து வந்து போனால், காஸ் குறைந்து, அழுத்த சுவிட்ச் கொம்பிரசரை நிறுத்தி நிறுத்தி எழுப்புகிறது என்று கொள்ளலாம். ஏசியைப் போட்டதும் 'கீச்' என்று நீளமாகக் கத்தினால் பெல்ட் வழுக்குகிறது. பெல்ட் தேய்ந்து பளபளப்பாகியிருக்கும், அல்லது இழுவை தளர்ந்திருக்கும். முன்வரிசை ஐயாவுக்கு மருந்து அதுதான், காஸ் வேண்டாம்.

ஏசி போட்டால் மட்டும், எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் உலோக அரைப்பு கேட்டால் அது கொம்பிரசரின் உள்ளே. இதில் காலம் தாழ்த்தக் கூடாது. உள்ளே தேயும் உலோகம் பொடியாகி ஒயிலோடு சேர்ந்து குழாய் முழுக்கப் பரவும். கறுத்த பசைபோல இருக்கும். அப்படி ஆன பிறகு புதுக் கொம்பிரசரை மட்டும் பூட்டுகிறவர் அதைப் பலிகொடுக்கிறார். ஈரத்தை உறிஞ்சுகிற உலர்த்தியையும் விரிவு வால்வையும் மாற்ற வேண்டும். இன்றைய கொண்டென்சர்களின் துளைகள் மிக நுண்ணியவை, கழுவினாலும் பொடி போகாது. அதையும் மாற்றத்தான் வேண்டும். அரைப்பைக் கேட்ட அன்றே ஏசி சுவிட்சை நிறுத்திவிட்டு வந்தவருக்கும், அதோடு கொழும்புக்குப் போய்த் திரும்பி வந்தவருக்கும் இடையே சில இலட்சம் ரூபா நிற்கிறது.

சீறல் பற்றிப் பலர் பயந்து கேட்பார்கள். காரை நிறுத்தி எஞ்சினை அணைத்த பின் டாஷ்போர்டுக்குள் ஒரு நிமிடம் 'உஸ்' என்று கேட்டால், உயர்பக்கமும் தாழ்பக்கமும் அழுத்தத்தில் சமமாகின்றன, விட்டுவிடுங்கள். ஓடும்போது சீறல் கேட்டு, குளிரும் குறைந்திருந்தால் வால்வில் திரவத்துக்குப் பதிலாகக் குமிழி போகிறது. காஸ் குறைவு. அப்போதும் அடிக்க முதல் ஒழுக்கைத் தேட வேண்டும். குழாய் மூட்டுகளில் ஒயில் கசிந்து தூசி அப்பிய கறை இருக்கிறதா? எங்கள் ஊரில் முதலில் பார்க்க வேண்டிய இடம் கொண்டென்சர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடலோ களப்போதான். சோழகம் அடிக்கிற மாதங்களில் பண்ணைப் பாலத்தாலும் பொன்னாலைப் பாலத்தாலும் ஓடுகிற கார்களின் கொண்டென்சர் இதழ்களில் உப்பும் மண்ணும் சேர்ந்து படியும். அலுமினியத்தை அரிப்பது அந்த உப்பு. தீவுப்பக்கம் போய் வந்தால் சாதாரணத் தண்ணீரை மெதுவாக முன்பக்கத்தால் விட்டுக் கழுவுங்கள். உயரழுத்தத் தண்ணீரைப் பாய்ச்சி இதழ்களை மடித்துவிட வேண்டாம்.

ஒழுக்கை அடைத்த பின்பும் உடனே காஸ் அடிக்கக் கூடாது. வெற்றிடப் பம்பைப் போட்டு உள்ளே புகுந்த காற்றையும் ஈரத்தையும் அரை மணிநேரமாவது இழுத்தெடுக்க வேண்டும். ஈரம் உள்ளே இருந்தால் வால்வில் பனியாக உறையும், ஒயிலோடு சேர்ந்து அமிலமாகும். பம்பைப் போடாமல் 'தட்டி' அடிப்பவர் இருபது நிமிடத்தில் வேலையை முடிப்பார். நீங்கள் அதற்கும் நன்றி சொல்லிவிட்டு வருவீர்கள்.

இடையில் ஒன்று. பழைய காஸை ஆகாயத்துக்குத் திறந்துவிடுகிற பழக்கத்தை நிறுத்த வேண்டும். முன்பு கார்களில் இருந்த ஆர் 12, ஓசோன் படையை அரிக்கும் என்பதை மொலினாவும் ரோலண்டும் 1974இல் எழுதினார்கள். 1987இல் மொன்றியல் உடன்படிக்கை வந்தது. ஆர் 12க்குப் பதிலாக வந்த 134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் ஒரு கிலோ 134ஏ, நூறாண்டுக் கணக்கில் ஏறத்தாழ 1,400 கிலோ கரியமிலவாயு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். குளிருக்காகப் போட்டது வெயிலைக் கூட்டுகிறது.

சரி, எஞ்சினையே நிறுத்திவிட்டு, சாவியை மட்டும் திருப்பி, புளோவரைப் போடுங்கள். சத்தம் இப்போதும் வருகிறதா? புளோவர் வேகத்தைக் கூட்டினால் அதுவும் கூடுகிறதா? அப்படியென்றால் இதற்கும் கொம்பிரசருக்கும் காஸுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. நல்லூரில் எந்த வளவிலும் ஒரு வேம்பு நிற்கும். நிழலுக்காகக் காரை அதன் கீழ்தான் விடுவோம். முன் கண்ணாடியின் அடியில் இருக்கிற துவாரங்களால் வேப்பம்பூவும் சருகும் உள்ளே இறங்கும். படபடவென்று அடிப்பது பெரும்பாலும் புளோவர்ச் சக்கரத்தில் சிக்கிய சருகு. கையுறைப் பெட்டிக்குப் பின்னால் வடிகட்டி இருக்கும். சில கார்களில் அது இருக்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடக்கும். திறந்து பார்த்தால் எலி கட்டிய கூடும் அகப்படலாம். ஒரு கராஜில் அப்படிக் கூட்டுக்குள்ளிருந்து அர்ச்சனைத் துண்டுச் சீட்டு ஒன்று முழுதாக வந்தது. அந்த எலிக்கும் ஏதோ வேண்டுதல்.

சருகும் இல்லை, எலியும் இல்லை, ஆனால் புளோவர் 'கீ' என்று இழுக்கிறதென்றால் அதன் மோட்டார் தேய்ந்திருக்கிறது. சூடு-குளிர் மாற்றும்போது மட்டும் டாஷ்போர்டுக்குள் 'டிக் டிக்' என்று எண்ணுகிறதென்றால், காற்றைத் திருப்புகிற கதவை ஆட்டும் சிறு மோட்டாரின் பிளாஸ்டிக் பல் உடைந்திருக்கிறது. இவற்றைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை, மாற்றிவிடுங்கள்.

தண்ணீர்ச் சத்தம் வேறு கதை. அதில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் குழப்பினால் ஒன்று எஞ்சினையே முடிக்கும். வளைவில் திரும்பும்போது டாஷ்போர்டுக்குள் 'சளக்' என்று தண்ணீர் ஆடுகிறது, காலடி விரிப்பு நனைகிறது என்றால், ஆவியாக்கியில் சொட்டும் நீர் வெளியேறும் வடிகுழாய் அடைபட்டிருக்கிறது. சாதாரணமாகக் காருக்குக் கீழே சொட்ட வேண்டிய நீர் அது. குழாயைக் குத்தித் திறந்தால் முடிந்தது. ஆனால் எஞ்சினை உயிர்ப்பிக்கும்போதும் வேகம் கூட்டும்போதும் டாஷ்போர்டுக்குப் பின்னால் 'குளுகுளு' என்று குமிழி ஓடுகிறது என்றால், அது ஏசியே அல்ல. எங்கள் கார்களில் நாங்கள் ஒருநாளும் போடாத ஹீட்டர் ஒன்று இருக்கிறது. எஞ்சின் தண்ணீர் அதற்குள்ளாலும் போகிறது. அங்கே காற்று புகுந்துவிட்டது. கூலன்ட் குறைந்திருக்கிறது. இதைக் கவனிக்காமல் கோடையில் ஏ9 வீதியில் ஏறினால் வவுனியாவுக்கு முன்னமே எஞ்சின் கொதிக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூலன்ட்டுக்குப் பதில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் இங்கே நிறைய. எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். ரேடியேட்டருக்குள்ளும் அதுதான் படிகிறது.

நல்லூர்த் திருவிழாக் காலத்துக்கு வருகிறேன். ஆடி அமாவாசைக்குப் பின் கொடியேறி இருபத்தைந்து நாள். கோயிலைச் சுற்றிய வீதிகள் மூடப்படும். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினரை ஏற்றிக்கொண்டு, வாடகைக் கார்கள் ஓகஸ்ட் வெயிலில் ஊர்ந்து ஊர்ந்து நிற்கும். ஓடும் காரின் கொண்டென்சருக்குக் காற்று தானாக மோதுகிறது; நிற்கும் காருக்கு விசிறி ஒன்றுதான் துணை. அப்போதுதான் விசிறியின் கிழிந்த இதழும் தேய்ந்த மோட்டாரும் பேசத் தொடங்கும். நிற்கும்போது சத்தமும் சூடும், ஓடினால் இரண்டும் இல்லை என்றால் விசிறியைப் பாருங்கள். கேஜ் வைத்துப் பார்த்தால், எங்கள் வெயிலில் நல்ல ஏசியின் தாழ்பக்கம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 30 முதல் 40 இறாத்தலும், உயர்பக்கம் 200 முதல் 250 இறாத்தலும் காட்டும். விசிறி ஓய்ந்த காரில் உயர்பக்கம் இதைத் தாண்டி ஓடும். அதைக் கண்டு காஸைக் கழற்றுவதும் பிழை, அடிப்பதும் பிழை.

இப்போது இளைஞர்கள் காத்திருக்கிற பகுதி: ஹைபிரிட். டொயோட்டா அக்வா இல்லாத ஒழுங்கை யாழ்ப்பாணத்தில் இல்லை என்றே சொல்லலாம். அதன் கொம்பிரசருக்குப் பெல்ட் கிடையாது, கிளச் கிடையாது. பெரிய மின்கலத்தின் 144 வோல்ட் மின்சாரத்தில் தானே சுழல்கிறது. ஆகவே எஞ்சின் நின்ற பிறகும் முன்னால் ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்கும். அது குற்றமல்ல, காருக்கு அதுதான் இயல்பு. பின்னால், இருக்கைக்கு அடியிலிருந்து விசிறிச் சத்தம் வந்தால் அது ஏசியும் அல்ல, மின்கலத்தைக் குளிர்விக்கிற விசிறி. காருக்குள் இருக்கிற குளிர்ந்த காற்றைத்தான் அது இழுக்கிறது. அதன் துவாரத்தைப் பையாலும் பாயாலும் மூடி வைத்துவிட்டு, தூசியை அடைய விட்டுவிட்டு, சத்தம் கூடுகிறது என்று முறையிடுகிறோம். விசிறி வேகமாகச் சுற்றுகிறதென்றால் மின்கலம் சூடாகிறது. அந்தத் துவாரத்தைத் துடைப்பதற்கு ஐந்து நிமிடம். மின்கலம் மாற்றுவதற்கு ஆகிற காசு உங்களுக்கே தெரியும்.

இந்தக் காருக்குக் காஸ் அடிக்கும் இடத்தில்தான் பெரிய அபாயம். சாதாரணப் பெல்ட் கொம்பிரசரில் போடுவது பிஏஜி என்ற ஒயில். மின் கொம்பிரசருக்குள் மோட்டாரின் கம்பிச்சுருள் ஒயிலிலேயே நனைந்து கிடக்கிறது. அதற்கு மின்சாரத்தைக் கடத்தாத பிஓஇ வகை ஒயில் வேண்டும். டென்சோவின் என்டி 11 அப்படிப்பட்டது. சிறிதளவு பிஏஜி கலந்தாலும் மின்காப்புக் கெடும், எச்சரிக்கை விளக்கு எரியும், கார் ஓட மறுக்கும். காஸோடு ஒயிலும் கலந்து வருகிற டின்னை யோசிக்காமல் செருகுவதால் வருகிற வினை இது. ஒரே குழாயையும் ஒரே இயந்திரத்தையும் இரண்டு வகைக் காருக்கும் பாவிக்கிறவரிடம் அக்வாவைக் கொடுக்க வேண்டாம். செம்மஞ்சள் நிறக் கம்பிகளை யாரும் சும்மா தொடவும் வேண்டாம்; அவற்றில் உயிர் போகிற மின்சாரம் ஓடுகிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் வாகனத் தொழில்நுட்பம் கற்பிக்கிறார்கள். கராஜ் வைத்திருக்கிற முதலாளிமார் தங்களிடம் வேலைபார்க்கும் பிள்ளைகளை இப்படியான இடங்களுக்கு அனுப்பினால் முதல் இலாபம் அவர்களுக்குத்தான்.

காதால் கேட்டுப் பழுது பார்ப்பது யாழ்ப்பாணத்துக்குப் புதிதா? 1990க்குப் பிறகு பெற்றோல் தடைப்பட்டுக் கிடந்த காலத்தை இங்கே பாதிப்பேர் கண்டிருக்கிறீர்கள். ஒஸ்டின் ஏ40யும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. உயிர்ப்பிக்கச் சில துளி பெற்றோல், பிறகு மண்ணெண்ணெய், கண்ணைக் கரிக்கும் புகை. மண்ணெண்ணெயில் எஞ்சின் தட்டும். அந்தத் தட்டு எந்த அளவுக்குப் பொறுக்கத்தக்கது, தீப்பொறி நேரத்தை எவ்வளவு பின்தள்ள வேண்டும் என்பதையெல்லாம் எந்தக் கருவியும் இல்லாமல் பொனட்டில் காதை வைத்துத் தீர்மானித்தார்கள் எங்கள் மெக்கானிக்மார். நீளத் திருப்புளியின் முனையைப் பெயரிங் மீது ஊன்றி, பிடியைக் காதெலும்பில் வைத்துக் கேட்பார்கள். அந்த வித்தை இன்றைய ஏசிப் புல்லிக்கும் அப்படியே செல்லும். சுழல்கிற பெல்ட்டிலிருந்து சட்டைக் கையையும் வேட்டித் தலைப்பையும் விலக்கி வைத்துக்கொண்டால் போதும். மூடிக் கிடந்த ஏ9 வீதி திறந்து ஏசிக் கார்கள் வந்து குவிந்த பிறகு, கணினியைச் செருகிப் பிழை எண்ணை வாசிக்கக் கற்றுக்கொண்டோம். நல்லதுதான். ஆனால் தேய்ந்த பெயரிங்குக்கும் சருகு சிக்கிய புளோவருக்கும் கணினியில் பிழை எண் கிடையாது.

நேரம் போகிறது. கடைசியாக, பூட்டிக் கிடக்கிற கார்களைப் பற்றி ஒரு வார்த்தை. ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருக்கிற மகன் வந்தால் ஓடட்டும் என்று வருடத்தில் பதினொரு மாதம் சீலை போட்டு மூடிய கார்கள் இந்த ஊரில் பல உண்டு. மகன் வந்திறங்கிய அன்று ஏசியைப் போட்டால் அது கத்தும், குளிராது. கொம்பிரசர் அச்சைச் சுற்றியிருக்கிற ரப்பர் அடைப்பான், காஸோடு சுற்றி வருகிற ஒயிலில்தான் நனைகிறது. ஓடாத காரில் அது காய்ந்து சுருங்கும், காஸ் மெல்ல மெல்லக் கசியும். ஆகவே சீலையைக் கழற்றி, கிழமைக்கு ஒருமுறை எஞ்சினை உயிர்ப்பித்து, ஏசியைப் போட்டுப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். மாரி மழையில் குளிர்ந்தாலும் விடுங்கள். உயிர்ப்பிக்க முதல் பொனட்டைத் திறந்து எலிக்கூடு இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம். ஐயா, உங்களுடைய பெல்ட்டைக் கூட்டம் முடிய வெளியே வைத்துப் பார்ப்போம்.